வழக்கம் சாட்சியாகுமா?

நீதிமன்றத்திலே சாட்சிக்கூண்டில் ஏறிய ஒருவர், "நான் நேரிற் காணவில்லை, ஆனால் ஊரார் எல்லோரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்" என்று வாய் திறந்தால் என்ன நடக்கும்? எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அக்கணமே எழுந்து ஆட்சேபிப்பார். நீதிபதி அக்கூற்றை ஏற்க மறுப்பார். 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் எமக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று அது. கண்டதைக் கண்டவரே வந்து சொல்லவேண்டும். ஒரு சங்கதி உண்மையென்று சாதிப்பவரே அதனை நிரூபிக்கவும் வேண்டும்.

ஒரு பரப்புக் காணியின் எல்லை வேலி பற்றிய வழக்கிலே இத்துணை நுணுக்கம் பார்க்கும் நாம், ஓர் உயிர் கட்டிலிற் கிடந்து தவிக்கும் இடத்தில் எந்த விதியைக் கைக்கொள்கிறோம்? "இங்கே எப்பொழுதும் இப்படித்தான் செய்வது" என்ற ஒரு வசனமே அங்கு சட்டமாகவும் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் நின்றுவிடுகிறது. அதனை ஆட்சேபிப்பார் எவருமில்லை. ஆட்சேபிக்கவேண்டிய நோயாளி மயங்கிக் கிடக்கிறார்; அல்லது பேசத் தெரியாத குழந்தையாக இருக்கிறார்; அல்லது பேசத் தெரிந்தும் பயந்து வாளாவிருக்கிறார்.

நாம் வைத்தியர் அல்லோம், தாதியரும் அல்லோம். வழக்குரைப்பதும் மக்களிடையே பொதுப்பணி செய்வதுமே எமது தொழில். அப்படியிருந்தும் நோயாளர் பராமரிப்பைப்பற்றி இவ்வாரம் எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறையாது சொல்லிவிடுகிறோம்.

எமது அன்னையாரின் கட்டில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது அன்னையார் வீட்டு முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஓர் ஆஸ்பத்திரியிற் பல வாரங்கள் கிடந்தார். அங்கிருந்த தாதிமாரிடம் அன்புக்குக் குறைவிருந்தது என்று எவர் சொன்னாலும் நாம் ஒப்பமாட்டோம். காலைதோறும் வந்து அவருடைய முதுகையும் இடுப்பையும் ஸ்பிரிட் தடவி நன்றாகத் தேய்த்துப் பவுடர் பூசிச் சென்றார்கள். படுக்கைப்புண் வராதிருக்கவே அவ்வாறு செய்தார்கள். மூன்றாம் வாரத்திற் புண் வந்தது. தேய்ப்புக் கூடியது, புண்ணும் கூடியது.

அவ்வாட்டிற்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளந்தாதி ஒருவர் ஒருநாள் தேய்க்கவில்லை. அன்னையாரைப் பக்கவாட்டிற் புரட்டி, முதுகிற்குத் தலையணை கொடுத்து, குதிக்கால் மெத்தையிற் படாதவாறு காலைச் சற்று உயர்த்தி வைத்தார். சில மணி நேரத்தின் பின் மீண்டும் வந்து மறுபக்கம் புரட்டினார். இதனைக் கண்ட மேலதிகாரி, நோயாளர் பலர் கேட்க, "பிள்ளை, இங்கே உமது புதுப் படிப்பு வேண்டாம், வாட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யும்" என்று கடிந்துகொண்டார். மறுநாட் காலை ஸ்பிரிட்டும் பவுடரும் திரும்பி வந்தன.

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்து மடக்கிய நாம் அன்று அக்கட்டிலருகே நின்றுகொண்டிருந்தோம். வாய் திறக்கவில்லை. "அவ்வழக்கத்திற்குச் சான்று என்ன?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதே எமக்குத் தோன்றவில்லை. அன்னையார் பின்னர் வீடு திரும்பினார். புண் ஆற ஆறு மாதங்கள் சென்றன.

அக்கேள்வியை ஆங்கிலத் தாதி ஒருவர் எமக்கு நெடுங்காலம் முன்னரே கேட்டு, விடையுங் கண்டிருந்தார் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். டொரீன் நோட்டன் என்பது அவருடைய பெயர். 1962 ஆம் ஆண்டில் அவரும், மக்லாறன் என்னும் மற்றொரு தாதியும், எக்ஸ்ரன்-ஸ்மித் என்னும் வைத்தியரும் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் முதியோரைப் பராமரிப்பதிலுள்ள பிரச்சினைகளைப்பற்றி ஓர் ஆய்வு நூல் வெளியிட்டனர். பூச்சும் தேய்ப்பும் அக்காலத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு விதமாக இருந்தன. இலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் முதிய நோயாளர்களை வரிசையாக அவதானித்துப் பதிவுசெய்த அவர்கள் கண்ட முடிவு எளிது: புண்ணைத் தடுப்பது பூசும் பொருளன்று, அழுத்தத்தை நீக்குவதே. அதாவது, உரிய வேளையில் நோயாளியைப் புரட்டுவதே. எவருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்திற்கும் புள்ளியிடும் ஓர் அளவுகோலையும் அவர்கள் வகுத்தனர். மொத்தம் 20 புள்ளிகள். 14 அல்லது அதற்குக் கீழ் எடுத்தவர் ஆபத்தில் இருப்பவர். அவ்வளவுகோல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அழுத்தத்தால் நலிந்த தோலைத் தேய்த்தல் உள்ளேயுள்ள தசையைச் சிதைக்கக்கூடும் என்பதால், அதனைச் செய்யவேண்டாம் என்றே பிற்காலத்துச் சர்வதேச வழிகாட்டி விதிகளும் கூறின.

1962 ஆம் ஆண்டில் இலண்டனிலே தீர்ந்த வழக்கு, எமது அன்னையாரின் கட்டிலை வந்தடையவில்லை. ஏன் வந்தடையவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விளக்கேந்திய பெண்ணின் மற்றக் கை

தாதிச் சேவை என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது விளக்கேந்திய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் உருவம். பாடப் புத்தகங்கள் அவ்விளக்கையே காட்டின. அவருடைய மற்றக் கையில் இருந்த கணக்குப் புத்தகத்தைக் காட்டவில்லை.

கிரைமியா யுத்த காலத்தில், 1854 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 38 தாதிமாருடன் அவர் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியை அடைந்தார். அன்பிற்குக் குறைவில்லை, உழைப்பிற்கும் குறைவில்லை. ஆயினும் 1855 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து சுகாதார ஆணைக்குழு ஒன்று வந்து சாக்கடைகளைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்திற்கு வழிசெய்தது. ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு 2 என்ற அளவிற்கு வீழ்ந்தது. நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிபர அறிஞருடன் இருந்து இக்கணக்குகளை ஆராய்ந்தபோதே, போர்வீரரைக் கொன்றது வெடியும் வாளுமன்று, அழுக்கே என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. அதனை அரசாங்கத்திற்கு உணர்த்தப் படங்கள் வரைந்தார், அறிக்கைகள் எழுதினார், அதிகாரிகளோடு போராடினார். 1858 ஆம் ஆண்டிலே இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தனது முதற் பெண் உறுப்பினராகத் தெரிவு செய்தது.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? அன்பு மாத்திரம் போதாது என்பதே. தொண்டு செய்பவர் தமது தொண்டின் பயனை எண்ணிப் பார்க்கவும் வேண்டும். விளக்கைப் போற்றி, கணக்கை மறந்த சமுதாயம் அந்த அம்மையாரைப் பாதியளவிலேயே அறிந்திருக்கிறது.

தொட்டிலில் நேர்ந்த பிழை

"பழைய வழக்கம் ஒன்று தொடர்ந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று கேட்பாருமுண்டு. குடிமுழுகிய கதை ஒன்றைச் சொல்லுகிறோம்.

கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தல் நன்று என்று மேலைநாடுகளிற் பல்லாண்டுகள் போதித்தார்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சடைத்து இறந்துவிடும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஐக்கிய அமெரிக்காவிற் பெரும்புகழ் பெற்ற குழந்தை வைத்தியரான டொக்டர் ஸ்பொக், தமது நூலின் 1956 ஆம் ஆண்டுப் பதிப்பிலே இதனையே கூறினார். ஆஸ்பத்திரிகளிலும் அதுவே வழக்கமாயிற்று. தாதிமார் செய்ததைத் தாய்மார் பார்த்து வீட்டிலுஞ் செய்தார்கள்.

உண்மை நேர்மாறானது. குப்புறக் கிடந்த குழந்தைகளே தூக்கத்திற் காரணந் தெரியாது இறந்தன. 2005 ஆம் ஆண்டில் ஆங்கில ஆய்வாளர் சிலர் பழைய ஆய்வுகள் அனைத்தையும் ஒழுங்காகத் திரட்டிப் பார்த்தனர். 1970 ஆம் ஆண்டளவிலேயே இவ்வாபத்தைக் காட்டும் சான்றுகள் வெளிவந்துவிட்டன என்று கண்டனர். அன்றே எவரேனும் அவற்றைத் திரட்டிப் பார்த்திருந்தால், பிரித்தானியாவில் மாத்திரம் 10,000 இற்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலே குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என்று கணித்தனர். பிரித்தானியாவிலே 1991 ஆம் ஆண்டிற்றான் குழந்தையை மல்லாத்திக் கிடத்துங்கள் என்ற இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளுள் அவ்வகை மரணம் பாதிக்குங் கீழே இறங்கிற்று.

இருபது ஆண்டுகள்! சான்று ஒருபுறம் கிடந்தது. தொட்டில் மறுபுறம் கிடந்தது. இரண்டையும் இணைப்பார் இல்லை. அக்குழந்தைகளை எந்தக் கொடியவனும் கொல்லவில்லை. நல்லவர்கள், அன்புள்ளவர்கள், "எமக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள்" என்று தம் கையாலேயே அவர்களைக் குப்புறக் கிடத்தினார்கள்.

சட்டமும் குற்றவாளியே

வைத்தியத் துறையை நோக்கி விரல் நீட்டும் நாம் எமது துறையை மறைத்தல் நேர்மையன்று. வழக்கத்திற்கு நீண்ட காலம் குடைபிடித்தவர்களில் நீதிமன்றத்தாரும் உளர்.

1957 ஆம் ஆண்டு இலண்டனிலே பொலம் வழக்கு என இன்று அறியப்படும் வழக்கு நடந்தது. மனநோய்க்கு மின்சார சிகிச்சை பெற்ற ஒருவருக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுக்கப்படவில்லை. உடல் உதறியபோது இடுப்பெலும்புகள் முறிந்தன. பொறுப்புள்ள வைத்தியர் குழாம் ஒன்று சரியென ஏற்றுக்கொண்ட முறையைப் பின்பற்றியவர் கவனயீனக் குற்றத்திற்கு ஆளாகார் என்று நீதிபதி யூரிமாருக்கு எடுத்துரைத்தார். நோயாளி தோற்றார். அதாவது, "நாங்கள் இப்படித்தான் செய்வது வழக்கம்" என்ற கூற்றே போதிய எதிர்வாதமாயிற்று. இந்நிலையைத் திருத்த 40 ஆண்டுகள் சென்றன. 1997 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை, பொலித்தோ வழக்கிலே, நிபுணர்களின் அபிப்பிராயம் தர்க்கத்திற்குப் பொருந்தி நிற்றல் வேண்டும். நில்லாதாயின் நீதிமன்றம் அதனை நிராகரிக்கலாம் என்று விதித்தது.

ஆங்கிலத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதன்று. ஆயினும் அத்தீர்ப்புகளைப் படித்தே எம் போன்றார் வளர்ந்தோம். பலர் செய்கிறார்கள் என்பதனால் ஒன்று சரியாகிவிடாது என்பதைச் சட்டமே பிந்தித்தான் கற்றது. ஆகவே வழக்கத்தை நம்பிய தாதிமாரை இகழும் உரிமை எமக்கில்லை. அவர்களோடு சேர்ந்து கற்கும் கடமை மாத்திரமே உண்டு.

"எமது வறுமையில் இது எதற்கு?"

இதற்கு ஒரு பெரிய ஆட்சேபம் உண்டு. "மருந்துக்கும் பஞ்சம், கட்டிலுக்கும் பஞ்சம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே மருந்தும் கருவியும் இன்றி ஆஸ்பத்திரிகள் பட்ட பாட்டை மறந்துவிட்டீரா? ஆராய்ச்சி என்பது பணக்கார நாட்டின் அலங்காரம்" என்பார்கள்.

மறக்கவில்லை. அதனாலேயே சொல்லுகிறோம். பணக்காரன் பயனற்ற வேலைக்கும் செலவிடலாம், ஏழை செலவிடலாகாது. பயனற்ற தேய்ப்பிற்குச் செலவாகும் ஸ்பிரிட்டும் பவுடரும், அவற்றிலும் மேலாகத் தாதியின் கால்மணி நேரமும், நாம் வீசி எறியக்கூடிய பொருள்களா? சத்திரசிகிச்சைக்கு முன்னர் மயிரைச் சவரக் கத்தியால் வழித்தல் நெடுங்கால வழக்கம். 1971 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றிலே, கத்தியால் வழித்தவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குக் காயத்திற் கிருமி தொற்றியது. மயிரை அகற்றாது விட்டவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்கே தொற்றியது. கத்தி உண்டாக்கும் நுண்ணிய கீறல்களே கிருமிக்கு வாசலாகின்றன. 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனமும் வழித்தல் வேண்டாமென்று உறுதியாகக் கூறிற்று. ஒரு வேலையை நிறுத்துவதற்குச் சதமும் செலவில்லை.

வறுமையிலிருந்தே பிறந்த சான்றும் உண்டு. 1978 ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரிலே, குறைமாதக் குழந்தைகளுக்கு வேண்டிய இன்கியூபேட்டர்கள் போதாதிருந்தன. எட்கார் ரே என்னும் வைத்தியர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையிற் சுமப்பதுபோல் இருந்ததால் அப்பெயரே அம்முறைக்கு வழங்கிற்று. ஏழைகளுக்கான மாற்றுமுறை என்று பலர் எண்ணினர். பின்னர் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலே 3,211 சிறு குழந்தைகளை வைத்து முறையான பரிசோதனை நடத்தினர். பிறந்தவுடனேயே தாயின் மார்பிற் சேர்த்த குழந்தைகளில் 28 நாட்களுள் இறந்தோர் நூற்றுக்கு 12. உடல்நிலை சீராகும்வரை பிரித்து வைத்துப் பின்னர் தாயிடஞ் சேர்த்த குழந்தைகளில் நூற்றுக்கு 15.7. வேறுபாடு இத்துணைத் தெளிவாயிருந்தமையால், ஒரு சாராருக்கு அப்பயனை மறுப்பது தகாதெனப் பரிசோதனையை இடையிலேயே நிறுத்தினர். 2021 ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. இன்கியூபேட்டர் வாங்கப் பணமில்லாத நாட்டில் தொடங்கிய முறையை இன்று செல்வ நாடுகளுங் கைக்கொள்கின்றன.

இனி மற்றோர் ஆட்சேபம்: "புத்தகத்தைப் பார்த்துச் செய்தால் தாதி இயந்திரமாகிவிடுவாள்." இதுவும் பொருந்தாது. சான்றின்வழிப் பராமரிப்பு என்பது ஆய்வின் முடிவு, தாதியின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எடைபோடுவது. அன்றியும், சான்று புதிய வேதமன்று. நோட்டன் அம்மையார் காலத்தின்பின் "இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டு" என்பதே விதியாயிற்று. அதனையும் தாதிமாரே விசாரணைக்கு எடுத்தனர். நான்சி பேர்க்ஸ்றொம் என்னும் தாதி ஆய்வாளரும் அவரது குழுவினரும், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள முதியோர் பராமரிப்பு நிலையங்களில் 942 பேரை ஆராய்ந்து, 2013 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அடர்த்தியான நுரைமெத்தையிற் கிடந்த அவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டியதிற் புண் வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே நல்ல மெத்தை உள்ள இடத்தில் முதியவரின் தூக்கத்தை அடிக்கடி கலைக்கத் தேவையில்லாதிருக்கலாம். தன் தீர்ப்பையே மேன்முறையீட்டுக்கு விடும் அறிவே மெய்யறிவு. கேள்வி கேட்பவர் இயந்திரமாவதில்லை. கேள்வி கேளாது செய்பவரே இயந்திரமாகிறார்.

அதிகாரமும் ஆளணியும்

அறிவு மாத்திரம் இருந்தாற் போதுமா? இல்லை. எமது அன்னையாரின் கட்டிலருகே நின்ற இளந்தாதியிடம் அறிவு இருந்தது. அதனைச் செயற்படுத்தும் அதிகாரம் இருக்கவில்லை.

அதிகாரம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் சான்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நோயாளியின் பெரிய இரத்தக்குழாயினுட் செலுத்தும் குழாய்வழியே கிருமி புகுந்து பலர் மாண்டனர். பீற்றர் புரொனோவோஸ்ற் என்னும் வைத்தியர் ஐந்து விதிகளை முன்வைத்தார்: கைகழுவுதல், குழாய் ஏற்றும்போது முழு உறை அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடீனாற் சுத்தஞ் செய்தல், தொடைவழியைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல். இவற்றில் எதுவும் புதிதன்று. புதியது இதுதான்: வைத்தியர் ஒரு விதியைத் தவறவிட்டால், "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் தாதிக்கு அளிக்கப்பட்டது. ஆயிரம் குழாய்-நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதங்களுள் 1.4 ஆக வீழ்ந்தது என 2006 ஆம் ஆண்டு அறிக்கை காட்டிற்று. ஒரு தாதி வாய் திறக்க அனுமதித்தமை உயிர்களைக் காத்தது.

அடுத்தது ஆளணி. நோயாளியைப் புரட்டவேண்டும் என்று சட்டம் எழுதலாம். ஒரு தாதி இரவெல்லாம் ஒரு வாட்டு முழுவதையும் பார்க்கும் நிலையில் எவரை எப்பொழுது புரட்டுவார்? லிண்டா எய்க்கன் அம்மையாரும் பிறரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், சத்திரசிகிச்சை பெற்ற 4 இலட்சத்திற்கு மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவை மந்திரிமார் படிக்கவேண்டும். ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடிற்று. தாதிமாருள் பட்டம் பெற்றோரின் பங்கு நூற்றுக்குப் பத்துக் கூடியபோது அவ்வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் குறைந்தது. இத்தகைய ஆய்வு காரணத்தை முற்றாக நிரூபித்துவிடாது என்று வாதிடலாம். சட்டத்தரணியாகிய நாமும் அவ்வாதத்தை அறிவோம். ஆனால் இத்தனை நாடுகளிலிருந்து ஒரே திசையிற் சுட்டும் சூழ்நிலைச் சான்றை எந்த யூரிமாரும் இலேசில் ஒதுக்கமாட்டார்கள்.

பயிற்றப்பட்ட தாதிமார் எமது நாட்டை விட்டு வெளிநாடு செல்லுகிறார்கள். அவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஏசுவது எளிது. சம்பளத்தையும் மதிப்பையும் கேள்வி கேட்கும் உரிமையையும் கொடுத்து வைத்திருந்தோமா என்று முதலில் எம்மை நாமே கேட்கவேண்டும்.

எமது கோரிக்கைகள்

இவ்வாறெல்லாம் எழுதிக் கலைந்துவிடுவது எமது பழக்கமன்று. திட்டவட்டமாகக் கேட்கிறோம்.

ஒன்று: படுக்கைப்புண், கட்டிலிலிருந்து விழுதல், காயத்திற் கிருமித்தொற்று ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வாட்டிலும் மாதந்தோறும் எண்ணுக; எண்ணியதை மக்கள் பார்க்கும்படி வெளியிடுக. எண்ணாத துன்பத்தை எவரும் தீர்ப்பதில்லை. குறைந்த எண்ணிக்கை காட்டிய வாட்டைப் பாராட்டுக. கூடிய எண்ணிக்கை காட்டிய வாட்டைத் தண்டியாது உதவுக. தண்டனைக்கு அஞ்சினாற் கணக்குப் பொய்யாகும்.

இரண்டு: பராமரிப்புக்கான வழிகாட்டி விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிய நடையில் எழுதி வாட்டுதோறும் வைக்குக. 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. கந்தோர்ப் பெயர்ப்பலகையோடு அவ்வுரிமை நின்றுவிடலாகாது. நோயாளியின் கட்டில்வரை அது செல்லவேண்டும். தமிழால் இயலுமா என்று ஐயுறுவார்க்கு மானிப்பாயைக் காட்டுகிறோம். 1847 ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூறும் பிரசவமும் சத்திரசிகிச்சையும் பற்றிய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். 19 ஆம் நூற்றாண்டில் ஓர் அந்நியர் செய்ததை இன்று நாம் செய்ய முடியாதா?

மூன்று: தாதிமாருக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாயினும் கடமை நேரத்துக்குள்ளேயே படிக்கவும் கூடிப் பேசவும் ஒதுக்குக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. அங்கு மாணவர் செய்யும் ஆய்வு அலுமாரியில் உறங்கினால் எவருக்குப் பயன்? அது அயலிலுள்ள ஆஸ்பத்திரி வாட்டுக்கு நடந்து வரட்டும்.

நான்கு: "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்ட தாதியை, அக்கேள்விக்காகக் கடியவும் இடம் மாற்றவும் கூடாதென எழுத்தில் விதி செய்க. அதுபோல், அதே கேள்வியை நோயாளியும் அவரது உறவினரும் கேட்கலாம் என்பதை வாட்டு வாசலிலே எழுதி வைக்குக.

ஐந்து: ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர் என்ற உச்ச எல்லையைச் சட்டமாக்குக. கலிபோர்னியா 1999 ஆம் ஆண்டு அத்தகைய சட்டத்தை இயற்றி 2004 ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எமது நிதிநிலைமைக்கு ஏற்பப் படிப்படியாகச் செய்யலாம். ஆனால் முதற்படியை இன்றே வைக்கவேண்டும்.

இவற்றிற்குத் தாதிமார் சங்கங்களும் வைத்தியர் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்கவேண்டும். இங்கு இனபேதம் இல்லை, கட்சிபேதமும் இல்லை. படுக்கைப்புண் வாக்காளர் இடாப்பைப் பார்த்து வருவதில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாயோ தந்தையோ பிள்ளையோ ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடக்கும்போது, அருகிலுள்ள "மிஸ்ஸி"யிடம் சண்டையிடாதீர்கள். மரியாதையாகக் கேளுங்கள். புதிதாக ஒன்றைப் படித்து வந்து சரியாகச் செய்யும் இளந்தாதி ஒருவர் கடிந்துகொள்ளப்படுவதைக் கண்டால், அவர் பக்கத்தில் நின்று ஒரு சொல் பேசுங்கள். நாம் அன்று பேசவில்லை. அதற்கான தண்டனையை நாம் அனுபவிக்கவில்லை. எமது அன்னையாரே ஆறு மாதம் அனுபவித்தார்.